மூன்றாவது சாவி

ஜூலை ஏழு முதல் இருபத்தெட்டு வரை
மேற்படி வீட்டை,
அதாவது சலட்ஸ்க்ரீவாவில்
பால்டிக் கடலுக்கு முதுகு காட்டி
பைன் மரங்களுக்குள் நிற்கும் என் மரவீட்டை,
முரோஸ் ஊர் சபேலாவும் அவள் கணவன் ஷூர்ஷோவும்
அனுபவித்துக்கொள்ளவும்,
அதே நாட்களில் கலீசியாவில் அவர்களுடைய மூன்றாம் மாடியை
நான் அனுபவித்துக்கொள்ளவும்
சம்மதித்து எழுதிக்கொண்டது.

அனுபவித்து.
பத்திரம் எழுதுகிறவர்களின் சொல்.
பத்தொன்பது வருடம் இங்கே இருக்கிறேன்,
இப்படி ஒரு வினைச்சொல்லை
இந்த வீட்டோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

வாடகை இல்லை. முன்பணம் இல்லை.
மின்கட்டணம் அவரவர் வீட்டுக்கு அவரவர்.
உடைந்தால் உடைத்தவர் பொறுப்பு.
இதை எழுதியதும் எழுந்து போய்
ஏற்கெனவே உடைந்திருப்பவற்றை எண்ணினேன்:
நீலக் கோப்பை இரண்டு, வராந்தாப் படி ஒன்று,
குளியலறைக் கொக்கி,
கிணற்று மோட்டார் (அவ்வப்போது).

சபேலா பதில் போட்டாள்:
லிஃப்ட் செவ்வாய்க்கிழமைகளில் கோபித்துக்கொள்ளும்.
பால்கனித் துணிக்கொடியில் பாதி எதிர்வீட்டுக்காரிக்குச் சொந்தம்,
எந்தப் பாதி என்று அவளைக் கேட்காதே.
படுக்கை விரிப்பை யார் துவைப்பது?
அதை எட்டாவது ஷரத்தாக்கினோம்.
போகிறவர் துவைக்க வேண்டும்.
மழையென்றால் மன்னிப்பு.

பிறகு இன்சூரன்ஸ் அலுவலகத்துப் பெண்
கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்,
'இரண்டு பெயர் இருக்கிறதே.'

முறிக்க விரும்புகிறவர்
முப்பது நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்
என்பது ஒன்பதாவது ஷரத்து.
குன்வால்டிஸ் தெரிவித்தது ஒரு வியாழக்கிழமை,
உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது.
அதன்பின் இரண்டு வருடம்
எங்கள் மகள் ஏவாவின் வாய்வழியாகத்தான்
பனிச்சறுக்குக் கட்டைகளும் வரி ரசீதுகளும்
இடம் மாறின.

லியபாயாவுக்குத் தபாலில் அனுப்பினேன்.
ஒரு துண்டுச்சீட்டு: 'கடைசிப் பக்கம், பென்சில் குறியிட்ட இடம்.'
வணக்கம் எழுதி, கிழித்து, மறுபடி
வணக்கம் இல்லாமல்.

எட்டு நாளில் திரும்பி வந்தது.
கையெழுத்து இருந்தது,
துறைமுகக் கிரேன் ஓட்டுபவரின் கையெழுத்து,
எடையைத் தூக்கி நிதானமாக இறக்கிவைத்ததுபோல.
அதற்கு மேலே, நான் விட்டிருந்த வெற்றிடத்தில்
கேட்காமலே ஒரு பதினோராவது ஷரத்து:

*மோட்டார் நின்றால் இடப்பக்கம் இரண்டு தட்டு.
உள்ளங்கையால். வலப்பக்கம் வேண்டாம்.
சவுனா அடுப்பின் கதவு முழுதாகச் சாத்தாது,
சாத்த முயல வேண்டாம்.*

இரண்டு குளிர்காலம்.
பிளம்பர் இருமுறை வந்து பணம் வாங்கிப் போனான்.
பனிக்கட்டி ஒட்டிய வாளியோடு
ட்ஸிட்ரா வீட்டுக்கு நடந்திருக்கிறேன்,
எந்நேரமும் வலப்பக்கம் தட்டியிருக்கிறேன்,
முஷ்டியால்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் கிணற்றறைக்குப் போனேன்.
இடப்பக்கம். உள்ளங்கை.
ஒரு தட்டு.
இரண்டாவதற்குத் தேவையிருக்கவில்லை.
தண்ணீர் குழாயில் ஏறும் சத்தத்தைக் கேட்டபடி
அவனைத் திட்டினேன், சத்தமாகவே.
போவதற்கு முன் இதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று.
நான் கேட்டிருக்கலாம் என்பது
சாப்பாட்டுக்குப் பிறகுதான் தோன்றியது.

பதினொன்றைத் தட்டச்சில் சேர்த்தேன்.
எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினேன்.
சபேலா கேட்டாள்:
மூன்றாவது கையெழுத்து யாருடையது?
அவரும் முரோஸ் வருகிறாரா? கட்டில் இரண்டுதான்.
'உரிமையாளர்' என்று பதில் எழுதினேன்.
'வரவில்லை' என்பதை அடுத்த வரியில்.

கடைசியாக நிரப்ப வேண்டியது ஒரு கட்டம்.
சாவிகளின் எண்ணிக்கை.
இரண்டு என்று எழுதி
அடித்து
மூன்று என்று எழுதினேன்.
அடிக்குறிப்பு:
மூன்றாவது லியபாயாவில் இருக்கிறது.
மேற்படி மூன்று வாரங்களில் அது பயன்படுத்தப்படாது.

திரும்ப வாசித்துப் பார்த்தேன்.
'மேற்படி மூன்று வாரங்களில்' என்பதை
எடுத்துவிட்டால்
வாக்கியம் இன்னும் தெளிவாக இருக்கும்.

அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.